டெண்டரில் எழுதப்படாத வளைவு

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டாரத்தில் இருநூறு மீட்டர் தூரம் வளையாமல் ஓடும் சாலையைக் காண்பது அரிது. மேல்புறத்திலிருந்து அருமனைக்கு வந்தாலும் சரி, அருமனையிலிருந்து களியல் பக்கம் ஏறினாலும் சரி, ஒரு பக்கம் வெட்டி நிறுத்திய செம்மண் சரிவும் அதன்மேல் ரப்பரும் இருக்கும். மறுபக்கம் சாலையைவிடத் தாழ்ந்த மனை, அதைச் சுற்றிக் கையாலை, உள்ளே முற்றமும் கிணறும். இரண்டுக்கும் நடுவே சாலை வளைந்து நெளிந்து போகும்.

அப்படிப்பட்ட வளைவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இப்போது ஐந்தரை மீட்டர் அகலம். அதை ஏழு மீட்டராக்கி முழுமையான இருவழிச் சாலையாக்க வேண்டும். வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்க டெண்டர் விடுகிறார்கள். ஆவணத்தில், ‘வளைவுகளை இயன்ற இடங்களில் மேம்படுத்த வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. எந்த வேகத்துக்கு என்று இல்லை.

வாகனம் வளைவில் திரும்பும்போது அதை வெளிப்பக்கம் தள்ளும் விசையை இரண்டு விஷயங்கள் சமாளிக்கின்றன. ஒன்று, டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு. மற்றொன்று, சாலையின் வெளி விளிம்பைச் சற்று உயர்த்திப் போடும் சாய்வு. இந்தியச் சாலைப் பேரவையான ஐ.ஆர்.சி. தன் நெறிமுறைகளில் உராய்வுக்கு 0.15 என்றும், சமவெளியிலும் மேடுபள்ளமான நிலத்திலும் சாய்வுக்கு அதிகபட்சம் 7 சதவீதம் என்றும் வைத்திருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை, இந்த இரண்டின் கூட்டுத்தொகையை 127-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், வளைவுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆரம் கிடைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் 32 மீட்டர். 40 என்றால் 57 மீட்டர். 50 என்றால் ஏறத்தாழ 90 மீட்டர்.

வேகம் 30-லிருந்து 50 ஆகும்போது ஆரம் மூன்று மடங்கை நெருங்குகிறது. நமது வளைவில் சாலை 60 டிகிரி திரும்புகிறது என்று கொள்வோம். இரு பக்க நேர்ச் சாலைகளையும் மாற்றாமல் ஆரத்தை மட்டும் 32-லிருந்து 90 மீட்டராக்கினால், வளைவின் நடுப்பகுதி உள்பக்கமாக ஏறத்தாழ 9 மீட்டர் நகரும். அருமனைப் பக்கத்து மனைகளில் 9 மீட்டர் என்பது முற்றமும் வீட்டின் முன் அறையும் சேர்ந்த தூரம். அந்த வீடு நிற்குமா போகுமா என்பதை ஆவணத்தில் விடுபட்ட ஒரே ஒரு எண் தீர்மானிக்கிறது.

சாலைப் பணி என்றால் ஜல்லி, தார், ரோலர் இவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தத்தில் சாலையின் தரம் தீர்மானமாவது அதற்கு வெகு முன்பு, காகிதத்தில். ‘எங்களுக்கு வேண்டியது இது’ என்று அரசு எழுதும் பக்கங்களும், ‘இதற்கு என்ன பொருள்?’ என்று ஒப்பந்ததாரர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு வரும் பதில்களுமே சாலையின் முதல் அடுக்கு. அந்த அடுக்கு இளகியிருந்தால் மேலே எவ்வளவு கெட்டியாகப் போட்டாலும் நிற்காது.

நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலமாக இருந்து வருவது வேறு முறை. நெடுஞ்சாலைத் துறை வரைபடம் போடும். எத்தனை கனமீட்டர் மண், எத்தனை கனமீட்டர் ஜல்லி, எத்தனை டன் தார்க்கலவை என்று எஸ்டிமேட் போடும். ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்ததாரர் விலை எழுதுவார். போட்டதை அளந்து பில் கொடுப்பார்கள். அளவு கூடினால் அரசின் செலவு கூடும். வரைபடம் தவறினால் பொறுப்பு அரசுடையது. ‘இ.பி.சி.’ என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த ஒப்பந்தத்தில் இது தலைகீழாகிறது. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இன்ன தரத்தில் சாலை வேண்டும் என்று மட்டும் அரசு சொல்லும். ஆய்வும் வடிவமைப்பும் கட்டுமானமும் ஒப்பந்ததாரருடையவை. விலை மொத்தமாக ஒரே தொகை. மண் அதிகம் தேவைப்பட்டாலும் பாறை குறுக்கிட்டாலும் பெரும்பாலும் அது அவர் தலையில்தான். தேசிய நெடுஞ்சாலைகளில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த முறை பரவலாகியிருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் மாதிரி இ.பி.சி. ஒப்பந்தத்தைப் புரட்டினால் முக்கியமான விஷயமெல்லாம் பின்னிணைப்புகளில் இருக்கும். ‘ஏ’ அட்டவணை நிலத்தைப் பற்றியது: எங்கே எவ்வளவு அகலம் அரசு கையில் இருக்கிறது, எது எப்போது ஒப்படைக்கப்படும். ‘பி’ அட்டவணை என்ன கட்ட வேண்டும் என்பது: எந்தக் கிலோமீட்டரில் எத்தனை அகலம், எங்கே பாலம், எங்கே வடிகால். ‘சி’ பேருந்து நிறுத்தம் முதலிய வசதிகள். ‘டி’ எந்தத் தரநெறிகளின்படி என்பது. சட்ட மொழியில் எழுதிய முன்பக்கங்களை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பொறியாளர் இரவு கண்விழித்துப் படிக்க வேண்டியவை இந்த நான்கும்தான். என் கணிப்பில், சாலைகளில் பிற்பாடு வெடிக்கும் தகராறுகளில் பெரும்பாலானவற்றின் விதை ‘பி’ அட்டவணையில் ஏதோ ஒரு மொட்டை வாக்கியத்தில் இருக்கும்.

டெண்டருக்கு முன் தீர்க்காமல் விட்ட கேள்வி பிற்பாடு சாலையையே நிறுத்திவிடும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. கேரள எல்லையிலிருந்து வில்லுக்குறி வரை ஒரு தொகுப்பு. வில்லுக்குறியிலிருந்து கன்னியாகுமரி வரையும், நாகர்கோவில் முதல் காவல்கிணறு வரையும் சேர்த்து இன்னொரு தொகுப்பு. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. சில ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய பணி பாதியில் நின்றது. ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டு, மீதிப் பணிக்கு மறுபடி டெண்டர் போனது. காரணங்களில் முதன்மையானது, மேட்டுக்கரை எழுப்ப மண் கிடைக்கவில்லை என்பது. இரண்டாவது, சாலை குளங்களையும் வயல்களையும் குறுக்கிட்டுப் போனதால் எழுந்த எதிர்ப்பும் வழக்கும்.

மண் கிடைக்காமல் ஒரு சாலை நிற்குமா என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. மேல் அகலம் 25 மீட்டர், உயரம் 3 மீட்டர், இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு. அப்படிப்பட்ட கரையின் குறுக்குவெட்டுப் பரப்பு 93 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 93,000 கனமீட்டர். அது இறுக்கிய பிறகுள்ள அளவு. வெட்டி ஏற்றும்போது மண் உப்பியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 1,11,600 கனமீட்டர். 14 கனமீட்டர் கொள்ளும் டிப்பரில் ஏறத்தாழ 8,000 லோடு. ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் இவ்வளவு. தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்று இது, நெருக்கமாக வீடுகள், வடக்கே காப்புக்காடும் ரப்பரும், தாழ்ந்த பகுதிகளில் குளமும் வயலும். இத்தனை மண்ணை எங்கே தோண்டுவது? குளம் தூர்வாரி எடுக்கலாமா, எந்தத் துறையின் அனுமதி, அந்த மண் கரைக்குத் தகுதியானதா, பக்கத்து மாவட்டத்திலிருந்து கொண்டுவந்தால் ஏற்றிவரும் தூரத்துக்கு யார் செலவு? மாதிரி ஒப்பந்தத்தின் போக்கில் மண்ணைத் தேடுவது ஒப்பந்ததாரரின் வேலை. அப்படி எழுதுவது எளிது. ஆனால் பூமியில் இல்லாத மண்ணை ஒரு ஷரத்து உண்டாக்கிவிட முடியாது. மண் எடுக்கத்தக்க இடங்களின் பட்டியலும், சோதனை முடிவும், அனுமதி நிலையும் டெண்டருக்கு முன்பே மேசைக்கு வந்திருக்க வேண்டிய தகவல்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அருமனைப் பக்கத்துச் சிறு சாலையை அகலப்படுத்துவதில் இவ்வளவு மண் வேண்டாம். அங்கே சிக்கல் வேறு வடிவில் வரும். ஐந்தரை மீட்டரை ஏழாக்க வேண்டுமானால் கூடுதலாக வேண்டியது ஒன்றரை மீட்டர். இரு பக்கமும் முக்கால் மீட்டராகப் பிரிப்பதா, ஒரே பக்கம் ஒன்றரை மீட்டர் எடுப்பதா? நில உரிமையாளர்கள் பார்வையில் சரிபாதி பிரிப்பதே நியாயம். ஆனால் மண்ணை இறுக்கும் 10 டன் ரோலரின் உருளை இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. பழைய சாலையின் ஓரத்தில் முக்கால் மீட்டர் பள்ளம் தோண்டினால் அதற்குள் ரோலர் இறங்காது. ஒரு சக்கரம் பழைய கெட்டித் தாரின் மேல் ஏறி நிற்கும். கீழே புதிய மண் இறுகாமலே கிடக்கும். மேலே தார் போட்டதும் பார்வைக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். முதல் மழைக்காலம் கழிந்ததும் பழையதும் புதியதும் சேரும் இடத்தில், சாலை நெடுக நூல் பிடித்ததுபோல ஒரு விரிசல் ஓடும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். அடுத்த ஆண்டு அந்தப் பட்டை முழுவதும் அமிழும்.

இதைத் தவிர்க்கத் தெரிந்த வழிகள் உண்டு. தேவையைவிட அகலமாகத் தோண்டி ரோலரை இறக்குவது. பழைய கரையைச் சரிவாக விடாமல் படிபடியாக வெட்டி, புதிய மண்ணை அதோடு பிணைப்பது. சிறிய ரோலரால் மெல்லிய அடுக்குகளாக இறுக்குவது. சாலையின் அடித்தளமாகும் மேல் அரை மீட்டர் மண்ணுக்கு, ஆய்வகத்தில் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தியில் 97 சதவீதம் வேண்டும் என்கிறது அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. கரையின் மற்ற பகுதிக்கு 95. இந்த எண்கள் நடுச்சாலையில் எடுத்த மாதிரிக்கா, அந்த ஓரப் பட்டையில் எடுத்த மாதிரிக்கா? ‘அகலப்படுத்திய பட்டையில், பழைய விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குள், இத்தனை மீட்டருக்கு ஒரு சோதனை’ என்று எழுதினால் ஒப்பந்ததாரர் தன் முறையைத் தானே தேர்ந்துகொள்வார். வழிமுறையைச் சொல்லாமல் விளைவை அளந்து கேட்பது. வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலிலும், 2021 அக்டோபர், நவம்பர் மழையிலும் இங்கே சாலைகள் பட்ட பாடு ஊருக்குத் தெரியும். சாலையின் கீழே தண்ணீரைக் கடத்தும் சிறுபாலத்துக்கு இந்தப் பக்கத்தில் கலுங்கு என்று பெயர். பழைய கலுங்குகள் பலவும், மேலே முழுக்கத் தோட்டமாக இருந்த காலத்துத் தண்ணீர்க் கணக்குக்குப் போட்டவை.

மேலே 6 ஹெக்டேர் சரிவு, மழை மணிக்கு 80 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டமாக இருந்தால் விழும் நீரில் பாதி வழிந்தோடும் என்று கொள்ளலாம். நொடிக்கு 0.67 கனமீட்டர் வந்து சேரும். சரிவில் வீடுகள் வந்து, முற்றமெல்லாம் சிமெண்ட் பாவி, மண் பாதைகள் காங்கிரீட் ஆனால் பாதி என்பது ஐந்தில் நான்காகும். இப்போது 1.07 கனமீட்டர். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் பதித்த 60 சென்டிமீட்டர் காங்கிரீட் குழாய் நிறைந்து ஓடினாலும் 0.6 கனமீட்டர்தான் கடத்தும். மீதி சாலையின் மேலேறி, தாழ்ந்த பக்கத்து வீட்டு முற்றத்தில் இறங்கும். அதிலும் இந்தக் கணக்கு குழாய் காலியாக இருந்தால்தான். ரப்பர் இலையும் நெகிழிப் பையும் அடைத்த 60 சென்டிமீட்டர் குழாய்க்குள் ஆள் நுழைந்து தூர்வார முடியாது.

‘பழுதடைந்த கலுங்குகளை மாற்ற வேண்டும், மற்றவற்றை நீட்டிக்க வேண்டும்’ என்று ஆவணம் சொல்கிறது என்று கொள்வோம். இந்தக் குழாய் பழுதடைந்ததா? உடைசல் இல்லை, விரிசல் இல்லை. ஒப்பந்ததாரர் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் நீட்டிவிட்டுப் போவார். ஒப்பந்தப்படி அவர் செய்தது சரி. பழுது என்றால் கட்டமைப்புப் பழுதா, கொள்ளளவுப் போதாமையா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கணக்கு, சரிவின் நிலப்பயன்பாடு இன்றையதா, இருபது ஆண்டுக்குப் பிந்தையதா? மூன்று கேள்வி. பதில்கள் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும்.

பாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகருக்கு அருகே சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் கூடக்கூட, சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்ற விதி அங்கிருந்து வந்தது. அனுமதித்ததைவிட 20 சதவீதம் கூடுதலாக ஏற்றிய டிப்பர், சாலையை இரு மடங்கு தேய்க்கும். குவாரிக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளம் நோக்கிப் போகும் டிப்பர்கள் இந்த மாவட்டத்தில் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 300 கனரக வாகனம், ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்று கொண்டால், 20 ஆண்டுக்கு வடிவமைத்த சாலை 15 ஆண்டுக்கு வடிவமைத்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். ஐ.ஆர்.சி.யின் 37-ஆம் நெறிமுறை மாநில நெடுஞ்சாலைக்கு 20 என்றும் அதற்குக் கீழ்ப்பட்ட சாலைகளுக்கு 15 என்றும் வைக்கிறது. சாலை எந்த வகை என்பதையும், பாரத்தை எங்கே எந்த மாதத்தில் எடை போட்டார்கள் என்பதையும் ஆவணம் சொல்லாவிட்டால், இரண்டு ஒப்பந்ததாரர்கள் இரண்டு வெவ்வேறு சாலைகளுக்கு விலை எழுதுவார்கள்.

அப்படி விலை எழுதினால் என்ன ஆகும்? இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளி இதுதான்.

1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் கேபன், கிளாப், கேம்பெல் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கான ஏலத்தில் ஜெயித்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. விடை எளிமையானது, ஆனால் கசப்பானது. கடலடியில் எவ்வளவு எண்ணெய் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது; ஒவ்வொருவரும் மதிப்பிடுகிறார்கள்; சிலர் கூட்டி, சிலர் குறைத்து. ஏலத்தில் ஜெயிப்பவர் யார்? மிக அதிகமாகக் கூட்டி மதிப்பிட்டவர். ஜெயித்தாலே தவறாகக் கணித்திருக்கிறார் என்று பொருள். பொருளியலில் இதை வெற்றியாளரின் சாபம் என்கிறார்கள்.

டெண்டர் என்பது இதன் மறுபக்கம். இங்கே மிகக் குறைவாகக் கேட்பவருக்கு வேலை. ஒரு சாலைக்கு உண்மையில் 100 கோடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் நேர்மையாகக் கணக்குப் போடுகிறார்கள். தேவைகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அவர்கள் கணக்கில் சிதறல் குறைவு. 5 கோடி அளவில் என்று கொள்ளலாம். புள்ளியியல்படி ஆறு பேரில் மிகக் குறைவான மதிப்பீடு சராசரியாக ஏறத்தாழ 94 கோடியில் வந்து நிற்கும். தேவைகள் மங்கலாக இருந்தால் சிதறல் 15 கோடியாகிறது. இப்போது மிகக் குறைவான மதிப்பீடு 81 கோடி. உண்மைச் செலவுக்கும் வென்ற விலைக்கும் இடையில் 19 கோடி பள்ளம். யாரும் ஏமாற்றவில்லை, லஞ்சம் இல்லை, எல்லோரும் நல்லவர்கள். ஆவணத்தின் மங்கலே இந்தப் பள்ளத்தைத் தோண்டியது. அதை எப்படி நிரப்புவது? வடிகாலின் ஆழத்தில், ஓரப் பட்டையின் இறுக்கத்தில், கலுங்கின் அளவில். அல்லது ‘இது எங்கள் வேலை வரம்பில் இல்லை’ என்று கூடுதல் தொகை கேட்கும் கடிதங்களில். குறைந்த விலையில் டெண்டர் போனது என்று மகிழும் செய்தியைப் படிக்கும்போது, அந்தக் குறைவு திறமையிலிருந்து வந்ததா மங்கலிலிருந்து வந்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

டெண்டர் போடுவதற்கு முன் ஒரு கூட்டம் நடத்துவார்கள். ‘பிரீ-பிட்’ கூட்டம் என்பது துறையில் வழக்கமான பெயர். ஒப்பந்ததாரர்கள் தங்கள் ஐயங்களை ஓர் அட்டவணையாக அனுப்புவார்கள்: வரிசை எண், ஷரத்து எண், ஷரத்தின் வாசகம், கேள்வி. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். அது துறையின் பதிலுக்கு. கேட்டவர் பெயரைச் சொல்லாமல் எல்லாக் கேள்விகளையும் பதில்களையும் எல்லோருக்கும் வெளியிடுவார்கள். தேவைப்பட்டால் திருத்த அறிவிப்பு வரும். இந்த ஏற்பாடு அருமையானது. ஒருவர் கேட்ட கேள்வியால் ஆறு பேரின் கணக்கும் ஒன்றையொன்று நெருங்குகிறது. மேலே சொன்ன 15 கோடிச் சிதறலை 5 கோடியாக்கும் கருவி இந்த அட்டவணைதான்.

ஆனால் கடைசிக் கட்டத்தில் அடிக்கடி வரும் பதில் ‘டெண்டர் நிபந்தனைகளே பொருந்தும்’. நிபந்தனை புரியவில்லை என்பதுதான் கேள்வி. அதே நிபந்தனையைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது பதிலாகாது. அதிகாரிகள் ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்பதும் புரிகிறது: புதிதாக ஏதாவது சொன்னால் நாளை தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ அது அவர்கள் கழுத்தைச் சுற்றும். பேசாமல் இருப்பவருக்கு ஆபத்து இல்லை. விளக்கம் சொன்னவருக்கு உண்டு. இந்த நிலையை மாற்றாமல் நல்ல சாலை கேட்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன். மறுபக்கம், மங்கலைக் கண்டுபிடித்த ஒப்பந்ததாரர் சிலர் வேண்டுமென்றே வாய்திறப்பதில்லை. இப்போது குறைத்துக் கேட்டு வேலையை எடுத்துவிட்டு, பிறகு அந்த மங்கலை வைத்தே கூடுதல் தொகை கேட்கலாமே! இதற்கு மருந்து, கேள்விகளுக்காகக் காத்திராமல் துறையே தன் ஆவணத்தை வெளியாள் ஒருவரிடம் கொடுத்து, எங்கெல்லாம் இரண்டு பொருள் வருகிறது என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்வது.

மங்கல் மட்டும் பகையல்ல. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தெளிவுகளும் பகைதான். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே சால்வே கடற்கழியில் ராபின் ரிக் என்ற காற்றாலைப் பண்ணை இருக்கிறது. 60 ஆலைகளின் அடித்தளத்தை வடிவமைத்து நிறுவும் வேலையை எம்.டி. ஹோய்கார்ட் என்ற டேனிஷ் நிறுவனம் எடுத்தது. ஜே-101 என்ற சர்வதேசத் தரநெறியைப் பின்பற்ற வேண்டும் என்றது ஒப்பந்தம். நிறுவனம் அப்படியே பின்பற்றியது. பிறகுதான் தெரிந்தது: அந்தத் தரநெறியின் ஒரு சூத்திரத்திலேயே ஏறத்தாழ பத்து மடங்கு பிழை. குழாயையும் அதன் மேலமரும் பாகத்தையும் பிணைத்த சிமெண்ட் பூச்சு நழுவத் தொடங்கியது. சரிசெய்ய 2 கோடியே 62 லட்சத்து 50 ஆயிரம் யூரோ. யார் கொடுப்பது? ஒப்பந்தத்தின் தொழில்நுட்பத் தேவைகளில், பல அடுக்கு எண்ணுக்குள் புதைந்த ஒரு பத்தி, அடித்தளம் 20 ஆண்டு நீடிக்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்றது. 2017 ஆகஸ்டில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தரநெறி குறைந்தபட்சம்தான், அதைவிடக் கடுமையான தேவை ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவே நிற்கும். செலவு ஒப்பந்ததாரருடையது.

நம் சாலை ஒப்பந்தத்தில் ‘ஐ.ஆர்.சி. நெறிமுறைப்படி’ என்று ஒரு பக்கமும், ‘சாலையில் எங்கும் நீர் தேங்கக் கூடாது’ என்று இன்னொரு பக்கமும் இருந்தால் இதே கதைதான். நெறிமுறைப்படி கட்டியும் நீர் தேங்கினால் எது மேல்? வரிசை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

அருமனைக்குத் திரும்புவோம். இந்தப் பகுதிக்கே உரிய ஒரு தேவையை வெளியூர் ஆலோசகர் எழுதும் ஆவணம் எளிதில் தவறவிடும். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடிவரும் பட்டணங்கால் போன்ற சானல்களும் அவற்றின் கிளைகளும் மேற்கு வட்டாரச் சாலைகளைப் பல இடங்களில் குறுக்கிடுகின்றன. கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை தண்ணீர் விடுவார்கள். சானல் குறுக்கிடும் இடத்தில் பாலத்தை அகலப்படுத்த, தண்ணீரில்லாமல் கிடைப்பது மார்ச், ஏப்ரல், மே மட்டும். அதிலும் மே மாதத்துக் கோடைமழை. ஒப்பந்தம் ஜூலையில் கையெழுத்தானால் எட்டு மாதம் அந்த இடத்தைத் தொட முடியாது. வடிவமைப்பும் நீர்வளத் துறையின் அனுமதியும் பிப்ரவரிக்குள் முடியாவிட்டால் இன்னொரு முழு ஆண்டு போகும். அனுமதி கேட்பது ஒப்பந்ததாரரா, நெடுஞ்சாலைத் துறையா? தாமதமானால் கால நீட்டிப்பு உண்டா? தற்காலிகக் குழாய் போட்டுத் தண்ணீரைத் திருப்பலாமா, கடைமடை விவசாயிக்கு எவ்வளவு குறையலாம்? மின்கம்பத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இதே கேள்விகள் உண்டு.

சாலையின் உயரம் இன்னொன்று. அகலப்படுத்தும்போது பழைய தாரின் மேலேயே புதிய அடுக்குகள் ஏறினால், தாழ்ந்த பக்கத்து வீடு மேலும் தாழும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தார் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் துறைகளுக்கு அறிவுறுத்தினார். அந்த அறிவுறுத்தல் டெண்டரின் ‘பி’ அட்டவணைக்குள் வந்தால்தான் ஒப்பந்ததாரரைக் கட்டும். ‘நீர்த்தேக்கத்துக்கு இடமின்றி’ என்று பொதுவாக எழுதினால் போதாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘வீட்டு வாயில் உள்ள இடங்களில் நிறைவுற்ற சாலை விளிம்பின் மட்டம் இப்போதைய மட்டத்தைவிட உயரக் கூடாது. தவிர்க்க முடியாத இடங்கள் எவை, எவ்வளவு என்ற பட்டியலை ஒப்பந்ததாரர் தன் வடிவமைப்போடு தர வேண்டும். ஒவ்வொரு வாயிலுக்கும் பணிக்கு முன்னும் பின்னும் மட்டம் அளந்து பதிவு செய்ய வேண்டும். மழைநீர் சாலையிலிருந்து எந்த மனைக்குள்ளும் இறங்கக் கூடாது. அதற்கான வடிகாலின் கொள்ளளவுக் கணக்கு இணைக்கப்பட வேண்டும்.’

இந்த ஐந்து வாக்கியங்களுக்கும் விலை உண்டு. ஒப்பந்ததாரர் அதைச் சேர்த்தே தொகை எழுதுவார். வாயில் மட்டங்களை அளந்து, மண் குழிகளைத் தோண்டிச் சோதித்து, டிப்பர்களை எடை போட்டு, சானல் கால அட்டவணையை நீர்வளத் துறையிடம் கேட்டு வாங்கி இணைக்க, டெண்டர் அறிவிப்புக்கு முன் சில மாதங்கள் தேவைப்படும். பேரூராட்சி அந்த மாதங்களில் ஒரு கூட்டம் கூட்டி, எந்த வளைவில் பேருந்து திணறுகிறது, எந்தக் கலுங்கு எந்த மழையில் நிரம்பியது, தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று அந்தந்த இடத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டு எழுதி வாங்கலாம். வெள்ளக்குறி பதிந்த சுவரின் படமும் உயர அளவும் எந்தச் சூத்திரத்தின் விடையையும் சரிபார்க்க உதவும் தரவு. அதை ‘ஏ’ அட்டவணையோடு இணைத்துவிட்டால் விலை எழுதும் ஆறு பேரும் ஒரே சாலையைக் கண்முன் வைத்துக் கணக்குப் போடுவார்கள்.